இரண்டு இஸ்மாயில்களும் ஒரு தைராய்டு ரிப்போர்ட்டும்

ஓய்வு பெறுவதற்குப் பத்து நாள் முன்பு எங்கள் லேபில் புது மெஷின் வந்து இறங்கியது. ட்யூபில் ஒட்டிய பார்கோடை அதுவே படிக்கும், அதுவே ரத்தத்தை உறிஞ்சும், அரை மணி நேரத்தில் தைராய்டு அளவைத் திரையில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்த்த பிரியா கேட்டாள்: “ஏங்கக்கா, இதெல்லாம் இல்லாத காலத்துல ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்கு மாறாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?”

“மாறியிருக்கு பிரியா. நான்தான் மாத்துனேன்” என்றேன். அவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மேற்கொண்டு சொல்ல அப்போது நேரமில்லை. இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

என் பெயர் ஜெசிந்தா. மதுரையில் இரண்டு வருஷம் லேப் டெக்னீசியன் படிப்பு, ஒரு வருஷம் சம்பளமில்லாப் பயிற்சி, அப்புறம் திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை. முப்பத்தோரு வருஷம் அங்கேயே ஓடிவிட்டது. சேரும்போது சர்க்கரை, உப்பு, ரத்த அணு இவ்வளவுதான் எங்கள் லேபில் பார்த்தோம். தைராய்டு என்றால் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்குப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். சில வருஷம் கழித்துத்தான் எங்களுக்கே அந்தச் சோதனை செய்யும் வசதி வந்தது.

அதை வாங்க வைத்தவர் எங்கள் பெரிய டாக்டர். பொது மருத்துவர். உயரமான மனிதர், எப்போதும் அரைக்கைச் சட்டை. கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் நேராக உட்கார்ந்துவிடுவோம். நோயாளி உள்ளே வந்ததும் நாடியைப் பிடிக்க மாட்டார். “உக்காருங்க. எந்த ஊரு? எப்படி வந்தீங்க? பஸ்ல கூட்டமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வெட்டிப் பேச்சு என்றுதான் முதல் ஒரு வருஷம் நான் நினைத்தேன். அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தைராய்டு சுரப்பி சோம்பிப் போன ஆளைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. அறையின் மூலையில் கை இல்லாத மர நாற்காலி ஒன்று கிடக்கும். நோயாளியை அதன் மேல் மண்டியிட்டு, முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பாதம் இரண்டும் நாற்காலிக்கு வெளியே தொங்கும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரில் சின்ன ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. நமக்கெல்லாம் பாதம் வெடுக்கென்று துள்ளி உடனே பழைய இடத்துக்கு வந்துவிடும். சுரப்பி சோம்பிய ஆளுக்குத் துள்ளும், ஆனால் திரும்பி வர மனசே இல்லாததுபோல மெள்ள, மெள்ள இறங்கும். ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சின்னாளப்பட்டியில் சேலைக்குச் சாயம் போடும் ஒரு அம்மா நாற்காலியில் மண்டியிட்டிருந்தார். “பாத்தியா ஜெசி? நீ ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொல்லப்போறதை இந்தக் காலு இப்பவே சொல்லிருச்சு” என்றார். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, “என்ன சார், என் காலு என்ன சொல்லுது?” என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தைராய்டு ரிப்போர்ட்டில் வரும் டிஎஸ்ஹெச் அளவு கூடியிருந்தால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். இது எல்லோரையும் குழப்பும். “கூடத்தான இருக்கு, அப்புறம் எப்படிக் குறைவுங்கிறீங்க?” என்று சண்டைக்கே வருவார்கள். அந்தச் சாயப்பட்டறை அம்மாவுக்கு டாக்டர் சொன்ன விளக்கத்தைத்தான் நானும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தேன். “தைராய்டு கழுத்துல இருக்கு. அதை வேலை வாங்குற சுரப்பி தலைக்குள்ள இருக்கு. கழுத்துல இருக்கறது தூங்கிட்டா, மேல இருக்கறது எந்திரி எந்திரின்னு கத்தும். எம்புட்டுக்குத் தூங்குதோ அம்புட்டுக்குக் கத்தல் கூடும். இந்தப் பேப்பர்ல இருக்கறது அந்தக் கத்தல்தான்மா.”

எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் ஒரு பள்ளிவாசல். அதில் மோதினாராக இருந்தவர் முகமது இஸ்மாயில். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதும், பள்ளியைக் கூட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் அவர் வேலை. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பள்ளிக்குச் சொந்தமாக அதன் பின்னால் இருந்த வீட்டில் அவரும் மனைவி ஜைத்தூன் அம்மாவும் இருந்தார்கள். பகல் ஒன்றரை மணி பாங்கு கேட்டால்தான் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனால் அந்தக் குரலுக்கு என் வயிறு பழகிப்போயிருந்தது.

ஒரு வருஷமாக அந்தக் குரல் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கரகரப்பு. அப்புறம் வார்த்தைகள் இழுத்துக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன. சளி என்று கஷாயம் குடித்தார். முகம் உப்பியது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். ஜைத்தூன் அம்மா வற்புறுத்தி எங்கள் டாக்டரிடம் கூட்டி வந்தார். டாக்டர் நாற்காலியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, தைராய்டு பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

அன்று திங்கட்கிழமை. லேபில் நிற்க இடமில்லை. மோதினாருக்கு ரத்தம் எடுத்துப் பதினொன்று என்று எண் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் சீட்டோடு வந்தார். முப்பத்தைந்து வயது, கொஞ்சம் பருமன், தோல் கிடங்கில் வேலை. உடம்பு அசதி, எடை கூடுகிறது என்று வந்தவர். பெயர் கேட்டேன். முகமது இஸ்மாயில். பேகம்பூரில் அந்தப் பெயருக்கு என்ன பஞ்சம்? பதினேழு என்று எண் போட்டேன்.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷினில் ட்யூபுகளை வைத்தபோது கரண்ட் போனது. அது வரும்வரை ட்யூபுகளை ஐஸ் ட்ரேயில் எடுத்து வைத்து, வந்ததும் மறுபடி ஓட்டினேன். அதற்குள் ஐஸ் உருகிய தண்ணீர் ட்ரேயில் நிறைந்து, ட்யூபில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகள் நனைந்துவிட்டன. எடுத்துப் பார்த்தால் இரண்டு ட்யூபில் ‘முகமது இஸ்மாயில் 11’ என்று இருந்தது. பதினேழில் ஏழின் தலைக்கோடு ஈரத்தில் கரைந்துவிட்டது.

அந்த நிமிஷத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ரத்தம் எடுத்திருக்க வேண்டும். வெளியே நாற்பது பேர் நின்றார்கள். ‘இடது பக்கம் வைத்தது மோதினாருடையது, எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒன்றும் ஞாபகமில்லை. வலது பக்கத்து ட்யூபில் பேனாவால் ஏழை அழுத்தமாக எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மோதினார் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். மெடிக்கல் ஷாப்பில் ஒருவர் பார்த்து ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லிவிட்டார். வயசாகிறது, வேறொன்றுமில்லை என்று முடிவு செய்துகொண்டு அவர் டாக்டரிடம் காட்டவே இல்லை. தோல் கிடங்கு இஸ்மாயில் அன்றைக்கே டாக்டரிடம் காட்டினார். அவர் பேப்பரில் டிஎஸ்ஹெச் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். வயசு குறைவு, இதயக் கோளாறு இல்லை, அதனால் முழு அளவாகவே எழுதினார்.

ஏழு வாரம் போயிருக்கும். ஒரு நாள் மதியம் பாங்கு கேட்டது. வேறு குரல். இளைஞர் யாரோ. மறுநாளும் அதே குரல். மூன்றாம் நாள் ஜைத்தூன் அம்மா சர்க்கரை பார்க்க வந்தபோது கேட்டேன்.

“ஜமாத்துல ரெண்டு மாசம் ஓய்வு எடுங்கன்னு சொல்லிட்டாங்கம்மா. மரியாதையாத்தான் சொன்னாங்க. ஆனா ஓய்வுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? வீட்டையும் காலி பண்ணணும்ல.” அவர் கண்ணைத் துடைக்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ராத்திரி பகல்னு இல்லாம தூங்குறாரு. எழுப்புனா, ஆச்சு, இந்தா வாரேன்னு சொல்றதுக்கே செத்த நேரம் ஆகுது. அம்புட்டு மெதுவு. கடைசியாச் சொன்ன பாங்குல ஒரு வரிய மறந்துட்டேன்னு நேத்துச் சொல்லி அழுதாரும்மா.”

“டாக்டர்ட்ட ரிப்போர்ட்டைக் காட்டுனீங்களா?”

“நார்மல்னு ஆச்சே. எதுக்கு அவரைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?”

 சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ட்யூப் நினைவு அப்போது வரவில்லை. அல்லது வரவிடாமல் வைத்திருந்தேன். “இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும்” என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் வந்தார்கள். மோதினாரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மோதினாரின் முகத்தைப் பார்த்தார். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். நாற்காலியில் ஏற்றினார். சுத்தியலால் தட்டினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பாதம் துள்ளியது. பிறகு ஒரு இலை தண்ணீருக்குள் இறங்குவதுபோல இறங்கியது.

டாக்டர் பேப்பரை மேஜையில் வைத்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது. “இந்தப் பேப்பர் இந்த ஆளோடது இல்ல.”

பிறகு அவர் லேபுக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஜெசி, அன்னைக்கு ரிஜிஸ்டரை எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். பதினொன்று, பதினேழு. இரண்டிலும் ஒரே பெயர். அவர் விரல் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் நின்றது. “அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றார்.

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம், கரண்ட் போனதற்குச் சாட்சி இருந்தது. ஆனால் அந்தத் தணிந்த குரலுக்கு முன்னால் என் வாய் பொய்க்குத் திரும்பவில்லை. பிளாஸ்திரி நனைந்ததையும், ஏழை நான் எழுதியதையும் சொன்னேன். “தெரியும்னு நினைச்சியா, இல்ல தெரியணும்னு நினைச்சியா?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.  அப்புறம், “எந்திரி. மொதல்ல இவர் ரத்தத்தை எடு. இப்பவே ஓட்டு” என்றார்.

ஒரே ஒருவருக்காக அந்தச் சோதனையை நான் ஓட்டியது அன்று மட்டும்தான். பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். அளவு தெரிந்த திரவங்களை முதல் குழிகளிலும், மோதினாரின் ரத்த நீரைக் கடைசிக் குழியிலும் விட்டேன். மருந்து சேர்த்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஐந்து முறை கழுவித் துடைத்து, நிறம் காட்டும் திரவத்தை விட்டேன். பதினைந்து நிமிஷம் இருட்டில் வைக்க வேண்டும். பத்தாவது நிமிஷமே மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். கடைசிக் குழி மை ஊற்றினதுபோல நீலமாக இருந்தது. நிறுத்தும் திரவம் விட்டதும் அது அடர் மஞ்சளாக மாறியது. எங்கள் கருவியால் அளந்து சொல்ல முடிகிற உச்சத்தையும் அது தாண்டிவிட்டது. தலைக்குள் இருக்கும் சுரப்பி ஒரு வருஷமாகக் கத்தியிருக்கிறது.

மோதினாருக்கு அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தோம். நீண்ட நாள் நோய், வயசும் ஆகிவிட்டது, ஒரேயடியாகக் கொடுத்தால் இதயம் தாங்காது என்று மிகச் சிறிய அளவில் தொடங்கினார். “காலைல வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும். அரை மணி நேரத்துக்கு டீ கூடக் கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்துக் கூட்டுவோம்.” மோதினார் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, இழுத்து இழுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நோன்பு வந்தா என்ன செய்ய?” டாக்டர் சிரித்தார். “விடியறதுக்கு முந்தி சஹர்ல சாப்பிடறதுக்கு அரை மணி முன்னாடி போட்டுக்கங்க. நோன்பும் நிக்கும், நீங்களும் நிப்பீங்க.”

அவர்கள் போனதும் டாக்டர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, “வா, இன்னொரு இஸ்மாயிலைப் பாக்கணும்” என்றார்.

“நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு வாரேன் சார். தப்பு என்னுது.”

“உன்னுது பாதி. மோதினாரை நாற்காலியில ஏத்துனேன்ல? அந்தப் பையனை ஏத்தல. அன்னைக்குக் கூட்டம். பேப்பரைப் பாத்தேன், ஆளைப் பாக்கல. பாத்திருந்தா அவன் காலு எனக்குச் சொல்லியிருக்கும்.” இத்தனை வருஷத்தில் அவர் தன் தவறைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். பேகம்பூரின் உள் சந்தில் வீடு. இஸ்மாயில் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஏழு வாரத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. விரல் நடுங்கியது. நெற்றியில் வியர்வை. டாக்டர் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நான் என் பங்கைச் சொன்னேன். “உங்களுக்குத் தைராய்டு நோயே கிடையாதுங்க. மாத்திரைய இன்னையோட நிறுத்திருங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாருங்க. இப்ப எடுத்தா மாத்திரையோட வேலைதான் தெரியும். எங்க லேப்ல வேண்டாம். மதுரையில நீங்க நம்புற எடத்துல பாருங்க” என்றார் டாக்டர்.

இஸ்மாயிலின் மனைவி நூர்ஜஹான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து என் முன்னால் நின்றார். “எம் மனுசன் நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தாரு. நான் உடம்புல சத்து ஏறுனா சரியாயிரும்னு கறிச் சாறு வச்சுக் குடுத்தேன். நீங்க ஒரு பேரைப் பாத்து எழுதலன்னா இப்பிடித்தான் ஆகுமா? நீங்களும் புள்ளக்குட்டிக்காரிதானே?”

 

ஆனால் இஸ்மாயில் எதுவும் திட்டவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார். “இல்ல” என்றார் டாக்டர். “நெஜமா ஒண்ணும் இல்லையா?” இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நெஞ்சு படபடப்பை நெஞ்சு நோய் என்று நினைத்து, சாகப்போகிறோம் என்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் இருந்திருக்கிறார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போதெல்லாம் கேட்டைத் தாண்டி அவள் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு வருவாராம். நூர்ஜஹானுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னை விட்டுவிட்டுக் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “இனிமே பேரு மட்டும் கேக்காதீங்க. அத்தா பேரு, தெருவுப் பேரு எல்லாம் கேளுங்க.”

மறுநாளிலிருந்து அப்பா பெயரும் தெருவும் சேர்த்தே கேட்டேன். நோயாளியின் முன்னாலேயே எழுதி, அவரையே படிக்கச் சொன்ன பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன். எண் நனைந்தால் அந்த ரத்தம் குப்பைக்குத்தான். எத்தனை பேர் முணுமுணுத்தாலும் சரி.

மாத்திரை நிறுத்தி ஆறு வாரம் கழித்து மதுரையில் எடுத்த ரிப்போர்ட்டை இஸ்மாயில் டாக்டரிடம் கொண்டு வந்து காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அசதிக்குக் காரணம் பரோட்டாவும் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பதும்தான் என்று டாக்டர் சொல்ல, அவரே சிரித்துவிட்டார். மோதினாருக்கு முகத்தின் வீக்கம் முதலில் வடிந்தது. பிறகு நடை நேரானது. குரல்தான் கடைசியில் வந்தது, நான்கு மாதம் ஆனது. டாக்டரே ஜமாத்துத் தலைவரைப் பார்த்து, இது வயசுக் கோளாறில்லை, மாத்திரையில் சரியாகிற நோய் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை.

இரண்டு இஸ்மாயில்களும் எப்படியோ சிநேகமானார்கள். மோதினார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம் தோல் கிடங்கு இஸ்மாயிலும் கூடவே வருவார். “அண்ணே, மறுபடி மாறிடப் போகுது, நான் காவலுக்கு வாரேன்” என்பாராம். நான் ட்யூபில் பெயர் எழுதுவதை இருவரும் உற்றுப் பார்ப்பார்கள். பெரிய டாக்டர் காலமான பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிடங்கு இஸ்மாயில் எந்த லேபிலும் கையை நீட்டியதில்லை என்று மோதினார் ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னார். மதுரையில் எடுத்ததுதான் கடைசி. காய்ச்சலுக்கே கை நீட்ட மாட்டாராம்.

என் கடைசி வாரத்தில் இருவரும் வந்தார்கள். மோதினாருக்கு எடுத்து முடித்தேன். வழக்கம்போலக் கிளம்பாமல் கிடங்கு இஸ்மாயில் ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். தலை நரைத்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “ஒரு மாசமா தாகமா இருக்குக்கா. சுகரான்னு பாத்துருங்க” என்றார்.

நான் பிரியாவைக் கூப்பிட்டேன். “வேண்டாம், நீங்களே எடுங்க” என்றார்.

எழுதினேன். பெயர், அத்தா பெயர், தெரு. எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. ட்யூபை அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“எடுங்கக்கா, நான்தான்.”